எங்கள் ரீச்சர் அன்ரி: அவரைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

வெலஸ்லிப் பொடியன்

போன செவ்வாய்க்கிழமை இரவு ஸ்காபரோவில் ரீச்சர் அன்ரி காலமாகிவிட்டார். எண்பது வயதைத் தாண்டியவர், கடைசிக் காலத்தில் வீட்டோடுதான் இருந்தார். பெயர் போட வேண்டாம் என்று மகள் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ரொறொன்ரோ வந்து, செயின்ட் ஜேம்ஸ் டவுன் மாடிகளில் முதல் குளிர்காலத்தைக் கழித்த ஆட்களுக்கு 'ரீச்சர்' என்றாலே யார் என்று தெரியும்.

எங்கள் குடும்பத்துக்கு அவர் உறவு இல்லை. ஊரும் வேறு. அப்பா 1986இல் வந்து அகதிக் கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தார். அதற்கு முந்திய வருடம்தான் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருந்தது: ஒருவர் சொல்வது உண்மையா என்று தீர்மானிப்பதானால் அவரை நேரில் விசாரித்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று. எங்களைப் போன்றவர்கள் இன்றைக்கு இங்கே இருப்பதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். ஆனால் அத்தனை பேரையும் இருத்தி விசாரிக்க ஏற்பாடு இல்லாமல் கோப்புகள் குவிந்தன. 1989 ஜனவரியில் புதிய அகதிகள் சபை தொடங்கியபோது, அதற்கு முன் வந்தவர்களை 'பக்லொக்', அதாவது தேங்கிய கோப்புகள், என்று தனியாக ஒதுக்கிவிட்டார்கள். அப்பா அதற்குள் மாட்டிக்கொண்டார். பேப்பர் கிடைக்கும்வரை மனைவி பிள்ளைகளைக் கூப்பிட வழியில்லை. நாங்கள் ஊரில் ஷெல்லுக்குள், அவர் இங்கே கோப்பை கழுவும் வேலையில்.

அந்த வருடங்களில் அப்பா மனம் உடையாமல் இருந்ததற்கு அன்ரிதான் காரணம் என்று அப்பாவே சொல்லுவார். அன்ரி ஊரில் கணக்கு ரீச்சர். பிறகு சாம்பியாவில் படிப்பித்து, எழுபதுகளின் நடுவில் கணவரோடு கனடா வந்தவர். கணவர் சீக்கிரமே போய்விட்டார். டவுன்டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை. 83 ஜூலைக்குப் பிறகு சனம் வரத் தொடங்கியதும், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் செயின்ட் ஜேம்ஸ் டவுனுக்குப் பக்கத்து ஷெர்போர்ன் ஸ்டேஷனில் இறங்கி, யார் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு போவாராம். யாரும் கேட்டு அவர் செய்யவில்லை.

அவரிடம் பெரிதாகக் காசு இருக்கவில்லை. அவர் கூட வருவார். அதுதான் அவர் செய்த காரியம். வேலை செய்யத் தேவையான சின் நம்பர் என்ற அரசாங்க எண்ணை எடுக்க, வங்கிக் கணக்குத் திறக்க, வக்கீலைப் பார்க்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, எங்கே என்றாலும் பக்கத்துக் கதிரையில் வந்து இருப்பார். ஆனால் வாய் திறக்க மாட்டார். நாங்கள்தான் கதைக்க வேண்டும். திக்கினால் மட்டும் ஒரு சொல்லை மெதுவாக எடுத்துத் தருவார். அடுத்த முறை, "இந்த முறை நான் வெளியில நிக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ" என்பார். அதற்கடுத்த முறை வரவே மாட்டார். அம்மாவுக்கு அது முதலில் பெரிய கோபம். பிறகு, அம்மாதான் எங்கள் மாடியில் இருந்த மற்றப் பெண்களுக்குக் கூடப் போகிற ஆள்.

உங்களிடம் இருப்பதை எழுதுங்கள். ஞாயிறு நினைவுக் கூட்டத்தில் வாசிக்கக் கூடியதை எடுத்து வாசிக்கலாம் என்று மகள் சொன்னார்.

இரவு ஷிப்ட்

செய்தி கேட்டு இரவு முழுக்க நித்திரை இல்லை. எனக்கு எழுத வராது. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியாது.

நான் அமெரிக்காவின் பஃபலோவால் வந்தவன். இளம் ஆட்களுக்கு இது தெரியாது: 1987 பெப்ரவரியில் விதியை மாற்றினார்கள். அமெரிக்க எல்லையால் வருகிறவர்கள் விசாரணைக்கு நாள் கிடைக்கும்வரை அமெரிக்கப் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பஃபலோவில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய 'விவே' என்ற இல்லம் ஒன்று இருந்தது. அங்கேதான் சனம் தங்கும். சல்வடோர்க்காரர், சோமாலியர், நாங்கள், எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே. நாள் கிடைத்ததும் பீஸ் பிரிட்ஜ் பாலத்தைக் கடந்து கனடாப் பக்கத்துப் போர்ட் ஈரிக்கு வருவது.

எனக்கு ரொறொன்ரோவில் ஒருவரும் இல்லை. போர்ட் ஈரியில் குடிவரவு அலுவல் முடிந்து வெளியே வந்தபோது பழைய கார் ஒன்றுக்குப் பக்கத்தில் சேலைக்கு மேல் பெரிய குளிர் ஜாக்கெட் போட்டபடி அவர் நின்றார். விவேயில் இருந்த யாரோ என் பெயரை அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "தம்பி, சாப்பிட்டீரோ?" என்று கேட்டார். கொழும்பை விட்ட பிறகு என்னை ஒருவர் அப்படிக் கேட்டது அப்போதுதான். காரில் இடியப்பமும் சொதியும் இருந்தது. குயின் எலிசபெத் வே நெடுக நான் சாப்பிட்டுக்கொண்டே வந்தேன், அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகுதான் பெரிய வேலை. அகதிக் கோரிக்கைக்கு அப்போது 'பிஃப்' என்று ஒரு படிவம் இருந்தது. 28 நாளுக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் முழுக் கதையையும் அதில் எழுத வேண்டும், பிறகு விசாரணையில் அதிலிருந்து ஒரு திகதி பிசகினாலும் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு எங்கே திகதி தெரியும்? ஆமி வந்தது நல்லூர்த் தேருக்கு முதல் கிழமை, அண்ணாவைக் கொண்டு போனது தைப்பூசத்துக்கு அடுத்த வெள்ளி, அப்படித்தான் நினைவிருக்கும். ரீச்சரிடம் ஊரில் இருந்து எடுப்பித்த பழைய பஞ்சாங்கங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. நாங்கள் சொல்லச் சொல்ல அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி இங்கிலீஷ் மாதத்தையும் நாளையும் கண்டுபிடித்துத் தருவார். "இப்ப உமக்கே தெரியும். ஆர் எத்தனை தரம் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவீர், ஏனெண்டா இதுதான் நடந்தது" என்பார்.

எழுதியது நான்தான். அவர் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. தமிழில் முழுதாக எழுது, பிறகு மொழிபெயர்க்கலாம் என்றார். அண்ணாவைப் பற்றி அதுவரைக்கும் நான் ஒருவரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. அவருடைய சமையலறை மேசையில் இருந்துதான் எழுதினேன்.

பனிக்கால மல்லிகை

பஞ்சாங்கப் பெட்டி! மறந்தே போனேன். என் கணவரின் திகதியும் அந்தப் பெட்டியில் இருந்துதான் வந்தது. நன்றி அண்ணா.

வீடு விஷயத்தையும் ஒருவர் எழுத வேண்டும். ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும்தான் முன்பணமாகக் கேட்கலாம். 9இல் தொடங்கும் சின் நம்பரைப் பார்த்தவுடன், அது தற்காலிகமாக இருப்பவர்களுக்குக் கொடுக்கிற எண் என்று தெரிந்துகொண்டு, ஆறு மாதக் காசைக் கொண்டு வா என்று சொன்னவர்கள் உண்டு. ரீச்சர் வாடகைச் சட்டத்தின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கைப்பையில் வைத்திருப்பார். சத்தம் போட மாட்டார். மேசையில் வைத்து விரலால் காட்டுவார்.

இங்கே பிறந்தவள்

நான் இங்கே பிறந்து வளர்ந்தவள், என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

அப்பா இல்லாமல் அம்மா எங்களை வளர்த்தார். பகலில் தொழிற்சாலை, இரவில் அலுவலகங்கள் துப்பரவாக்கும் வேலை. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் டொக்டர், வங்கி, வீட்டுக்காரர், எல்லா இடமும் நான்தான் மொழிபெயர்ப்பு. ஏழு எட்டு வயதில். என்னுடன் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கும் அதே கதைதான், அது சாதாரணம் என்று நினைத்தோம்.

ஒரு நாள் அம்மாவுக்கு வயிற்றில் ஏதோ கட்டி என்று டொக்டர் சொல்ல, அதை நான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். நான் பாதியை மாற்றிச் சொன்னேன், பயத்தில். அன்றைக்கு மாலை ரீச்சர் அன்ரி வீட்டுக்கு வந்தபோது அம்மா இதைச் சொல்லியிருக்கிறார். அன்ரி அம்மாவைப் பேசினது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "பிள்ளையை வைச்சு டொக்டரிட்டக் கதைக்கக் கூடாது. அந்தப் பாரத்தைப் பிள்ளையிட தலையில வைக்காதேங்கோ. நான் வாறன், இல்லாட்டி வேற ஆளைப் பிடிப்பம்." அடுத்த நாளில் இருந்து என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அன்ரிதான் உள்ளே போனார். அது ஆபத்தில்லாத கட்டி, எடுத்துவிட்டார்கள். அம்மா இன்றைக்கும் சுகமாக இருக்கிறார்.

பிறகு அம்மாவை மாலை வகுப்புக்கு அனுப்பியதும் அன்ரிதான். 1992இல் லிங்க் என்ற இலவச ஆங்கில வகுப்பு வந்தபோது, அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் மட்டும்தான் இடம். கோரிக்கை வைத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இல்லை. மொழி தேவைப்படுவதே அந்த ஆட்களுக்குத்தான் என்று அன்ரிக்கு அதில் கடைசிவரை ஆத்திரம். அப்படி விடப்பட்ட பெண்களுக்குத் தன் வீட்டில் சனிக்கிழமைகளில் படிப்பித்தார். பாடப் புத்தகம் கிடையாது. மின்சார பில், பள்ளிக்கூடம் அனுப்பும் கடிதம், பஸ் ட்ரான்ஸ்ஃபர் துண்டு, இவைதான் பாடம்.

இப்போது நான் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்க்கப் பிள்ளை உள்ளே வந்தால், மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடும்வரை நான் தொடங்க மாட்டேன். எந்த நாட்டுப் பிள்ளை என்றாலும் சரி.

காவிரிக்கரை

நான் தமிழ்நாட்டுக்காரன். 2005இல் புள்ளிக் கணக்கு முறையில் விசா கிடைத்து டொராண்டோ வந்தேன். அகதியாக வந்தவர்கள் பட்ட பாட்டோடு என் கஷ்டத்தை வைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவரை நான் 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட்டேன், என் வீட்டிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு.

இன்ஜினியரிங் படித்து எட்டு வருட அனுபவத்தோடு வந்தவனிடம், போகிற இடமெல்லாம் "கனடிய அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? பொறியாளர் உரிமத்துக்கும் அதே சிக்கல், ஒரு வருடம் கனடாவில் வேலை பார்த்திருக்க வேண்டும். நான் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். மனைவி ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று அழுதாள். எங்கள் அடுக்குமாடியில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் எங்களை ஆன்ட்டியிடம் அழைத்துப் போனார்.

ஆன்ட்டி என் பயோடேட்டாவைப் பார்த்தார். புகைப்படம், பிறந்த தேதி, அப்பா பெயர், மதம், எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் அடித்தார். "வேலைக்குக் கூப்பிடுறவைக்கு இதுகள் ஒண்டும் தேவையில்லை" என்றார். அப்புறம் பக்கத்தில் உட்கார வைத்து, நான் ஊரில் கட்டிய பாலங்களைப் பற்றி அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னார். கணக்கு டீச்சர் அல்லவா, விடாமல் கேள்வி கேட்டார். அந்த மாதம் முழுக்க வெள்ளிக்கிழமைதோறும் இதேதான். கடைசியில் ஒரு சிறிய நிறுவனத்தில் வரைபடம் போடும் வேலை கிடைத்தது, அங்கிருந்து மேலே வந்தேன்.

2023இல் ஒன்ராறியோவில் பொறியாளர் உரிமத்துக்கு இருந்த அந்தக் கனடிய அனுபவ நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். செய்தியைப் பார்த்ததும் நான் முதலில் போன் செய்தது ஆன்ட்டிக்குத்தான். குரல் தளர்ந்திருந்தது. "எத்தனை பொடியள் அதால நொந்து போச்சினம்" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

மட்டுநகர்

ரீச்சரின் ஆத்மா சாந்தியடையட்டும். எல்லோரும் நல்லதை எழுதுகிறீர்கள், அதில் பொய் இல்லை. ஆனால் என் அண்ணனின் விஷயத்தையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

அண்ணன் 1994இல் வந்தவர். விசாரணைக்கு முதல், ஊரில் அண்ணனைத் தெரியும் என்று ஒரு கடிதம் தரும்படி ரீச்சரிடம் கேட்டார். ரீச்சருக்கு அண்ணனை ஊரில் தெரியாதுதான். ஆனால் வேறு ஆட்கள் தந்தார்கள், அந்தக் காலத்தில் ஆளுக்காள் தந்தார்கள். ரீச்சர் முடியாது என்று சொல்லிவிட்டார். அண்ணனின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அந்தக் கடிதத்தால் மாறியிருக்குமோ இல்லையோ, நான் சொல்ல மாட்டேன். அண்ணன் பல வருடம் அந்தக் கோபத்தோடு இருந்தார். அவர் கேட்டது உயிர்ப் பிச்சை. நேர்மை என்பது பாதுகாப்பாக இருக்கிற ஆட்களுக்கு இலகு.

இரவு ஷிப்ட்

தம்பி, உங்கள் அண்ணனின் வலி எனக்கு விளங்குகிறது. ஆனால் ரீச்சர் எழுதிய கடிதத்தை வக்கீல்மார் நம்பினார்கள், சபையில் இருந்தவர்களும் நம்பினார்கள் என்றால், தெரியாததை அவர் தெரியும் என்று எழுதினதே இல்லை என்பதால்தான். ஒரு கடிதம் பொய் என்று பிடிபட்டிருந்தால் என்னுடையதும் போயிருக்கும்.

மட்டுநகர்

அது எனக்கும் தெரியும் அண்ணா. உங்களுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் சொல்கிறேன்.

வெலஸ்லிப் பொடியன்

மட்டுநகர், இதை நீங்கள் எழுதியது நல்லது. அழிக்கச் சொல்லி எனக்கு இரண்டு பேர் செய்தி அனுப்பினார்கள், நான் கேட்கவில்லை. அன்ரியே இதை மறைத்தவர் இல்லை. உங்கள் அண்ணனுடையதா என்று தெரியாது, ஆனால் கடிதம் கேட்டு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியதைப் பற்றி அம்மாவிடம் அடிக்கடி கதைப்பார். சரி என்று நினைத்துத்தான் செய்தார். ஆனாலும் அவருக்கு அது ஆறவில்லை. அப்படிச் சில பேர் நிராகரிக்கப்பட்ட பிறகு, மனிதாபிமான அடிப்படையில் வதிவிடம் கேட்டு வைத்த விண்ணப்பங்களுக்காக அவர் வேலைத்தலக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், கோயில் கடிதம் என்று அலைந்து சேர்த்ததை நான் கண்டிருக்கிறேன். அவையெல்லாம் உண்மையான கடிதங்கள்.

மட்டுநகர்

அண்ணனுக்கு 2001இல் மனிதாபிமான அடிப்படையில்தான் கிடைத்தது. கடிதங்களை யார் சேர்த்தார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்கிறேன்.

பனிக்கால மல்லிகை

வேறு ஒரு விஷயம். 1995இல் வதிவிடம் கிடைக்கிற ஒவ்வொரு பெரிய ஆளுக்கும் 975 டொலர் என்று ஒரு கட்டணம் கொண்டுவந்தார்கள். அகதியாக ஏற்கப்பட்டவர்களும் கட்ட வேண்டும். மணித்தியாலத்துக்கு ஏழு டொலர் உழைத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காசு என்று இப்போது சொன்னால் விளங்காது. கணவனும் மனைவியும் என்றால் கிட்டத்தட்ட இரண்டாயிரம். ரீச்சர் பெண்களைக் கூட்டி ஒரு சீட்டுத் தொடங்கினார், யாருக்குக் கட்டணம் கட்டும் முறை வருகிறதோ அவருக்குத்தான் அந்த மாதச் சீட்டுக் காசு. அதில் ஒரு சதம் குறைந்ததில்லை, கணக்கை மாதா மாதம் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். 2000இல் அகதிகளுக்கு அந்தக் கட்டணத்தை எடுத்த பிறகுதான் சீட்டை நிறுத்தினார்.

காவிரிக்கரை

அந்தக் கணக்குப் புத்தகங்கள் இப்போது எங்கே? இவ்வளவையும் படித்தபின் தோன்றுகிறது, இதெல்லாம் சரித்திரம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்கு நாம் எல்லோரும் காசு சேர்த்தோம், 2021இல் இலக்கும் எட்டியது. அங்கே கொடுத்தால் ஆய்வாளர்கள் பார்ப்பார்கள் அல்லவா?

வெலஸ்லிப் பொடியன்

புத்தகங்கள் என்னிடம்தான் இருக்கின்றன. மகள் கொண்டு வந்து தந்தார். நீல மட்டை போட்ட நீளக் கொப்பிகள், 1984இல் இருந்து. ஆளுக்கு ஒரு பக்கம். வந்த திகதி, எந்த வழி, வக்கீல், விசாரணை நாள், முடிவு. கீழே சின்ன எழுத்தில் அவர் தனக்கென்று எழுதிய குறிப்புகள்: 'தாய்க்குக் கடிதம் போடவில்லை, கேட்க வேண்டும்', 'சப்பாத்து இல்லை', 'சனிக்கிழமை தனிய இருக்க விடக் கூடாது'. ஒரு சில பக்கங்களைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். நான் வாசிக்கக் கூடாத விஷயங்கள்.

இரவு ஷிப்ட்

கொடுக்கக் கூடாது. சரித்திரம் என்று நீங்கள் சொல்வது சரி, ஆனால் அது எங்களுடைய வாழ்க்கை. அந்தக் கொப்பியில் நான் என்ன சொன்னேன் என்று என் மனைவிக்குக்கூடத் தெரியாது. ஊரில் இன்னும் உறவுகள் இருக்கிறார்கள்.

இங்கே பிறந்தவள்

எனக்கு இரண்டு மனமாக இருக்கிறது. எங்கள் தலைமுறைக்கு இவை எதுவும் தெரியாது. 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் படகுகளில் 155 பேரை மீனவர்கள் காப்பாற்றிய கதை எல்லோருக்கும் தெரியும், பேப்பரில் வந்தது. இரண்டு பெட்டியோடு போர்ட் ஈரியில் இறங்கியவரின் கதையை யார் எழுதினார்கள்? ஆனால் அண்ணா சொல்வதும் சரிதான். சொன்னவரின் சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது. என் வேலையில் நோயாளியின் கோப்பை நான் அப்படிக் கொடுக்க மாட்டேன். பஞ்சாங்கங்களையும் சீட்டுக் கணக்கையும் பெயர்களை மறைத்துக் கொடுக்கலாமே? சனிக்கிழமை வகுப்புத் தாள்களையும்.

வெலஸ்லிப் பொடியன்

இன்றைக்கு மகளோடு ஆறுதலாக இருந்து கதைத்தேன். முடிவு இதுதான். பஞ்சாங்கப் பெட்டியும் வகுப்புத் தாள்களும் பல்கலைக்கழகத்துக்கு, அவர்கள் ஏற்றுக்கொண்டால். சீட்டுக் கணக்கைப் பற்றி அதில் இருந்த பெண்களைக் கேட்டுத்தான். நீலக் கொப்பிகள் ஒருவருக்கும் இல்லை. தன் பக்கம் வேண்டும் என்று கேட்கிறவருக்கு அந்தப் பக்கத்தை வெட்டி அவர் கையிலேயே கொடுப்போம். உயிரோடு இல்லாதவர் என்றால் மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ. ஒருவரும் கேட்காத பக்கங்கள் கட்டியபடியே மகளிடம் இருக்கும்.

ஞாயிறு கூட்டம் இரண்டு மணிக்கு. செயின்ட் ஜேம்ஸ் டவுனில் இன்னும் இருக்கிற வயதான ஆட்களை ஏற்றி வர இரண்டு வான் தேவை, ஒன்று கிடைத்துவிட்டது.

காவிரிக்கரை

என் வண்டி ஏழு பேர் உட்காரலாம். நான் வருகிறேன். கொப்பி விஷயத்தில் நீங்கள் எடுத்த முடிவே சரி.

இரவு ஷிப்ட்

என் பக்கம் எனக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அங்கே சனம் நிற்கும். வேறு நாளில் வருகிறேன்.

மட்டுநகர்

அண்ணனிடம் கேட்டேன். கடிதங்களைச் சேர்த்தது ரீச்சர்தானாம். கடைசிக் கடிதத்தைக் கொண்டுவந்து தந்த அன்றைக்கும் அண்ணன் அவரை உள்ளே வரச் சொல்லவில்லையாம். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை கூப்பிட்டு, தன் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். 1994 ஒக்டோபர், மொன்றியல் வழியாக.

வெலஸ்லிப் பொடியன்

இருக்கிறது. ஒரு பக்கம் இல்லை, நாலு பக்கம். வாசிக்கவில்லை, பெயரை மட்டும் பார்த்தேன். எடுத்து உறைக்குள் வைத்திருக்கிறேன். புதன்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வரச் சொல்லுங்கோ, அதற்கு முதல் நான் வேலையால் வர மாட்டேன்.